அம்மை இல்லாத வீட்டில் வேப்பிலை

தோட்டங்களுக்குப் புதிதாக மருத்துவிச்சி வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கொட்டும் மழையில் பிரசவத் தாயைக் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கிய கதை வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அந்தக் கதைகளை என்னைவிட நன்றாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தையை நிறுப்பதும், ஊசி போடுவதும், தாயின் கால் வீக்கத்தை அழுத்திப் பார்ப்பதும் தெரிந்துதான் வந்திருப்பீர்கள். நான் எழுதப்போவது எந்தப் பயிற்சியிலும் வராத ஒன்று. ஒரு லயத்து வாசலில் ஊரே திரண்டு நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. அந்தக் கேள்வி எப்படி வந்தது, நான் என்ன சொன்னேன், அதன் பிறகு என்ன ஆனது என்பதுதான் விஷயம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பிள்ளை இன்று உயிரோடு இருக்கிறான். சொல்லாவிட்டால் அதை மட்டும் தேடிக்கொண்டு மற்றதையெல்லாம் தாண்டித் தாண்டிப் படிப்பீர்கள். அவனிடமும் அவன் அப்பாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்கள் எல்லாம் நான் வைத்தவை. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று என்பது உங்களுக்குப் போதும்.

அவன் பிறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தோட்டத்து லொறியிலேயே பிறந்துவிட்டது. "பொம்பளப் புள்ள" என்று சொல்லி அம்மாவின் மார்பில் போட்டவள் நான்தான். தர்ஷினி என்று பெயர் வைத்தார்கள். அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் தர்ஷன். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அவன் தர்ஷினிதான் என்றாலும் நான் இங்கே அவன் பெயரைத்தான் எழுதுவேன். குழப்பமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், ஒரு பக்கம் படித்த பிறகு பழகிவிடும். நாங்கள் எல்லோரும் பழகிக்கொள்ளவில்லையா?

அப்பா தர்மலிங்கம் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் இடத்தில் வேலை. அதிகம் பேசாத மனிதர். அம்மா பாக்கியம் கொழுந்து எடுப்பவர். கோயில் காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பார். ஒவ்வொரு திருவிழாவுக்கும் தீர்த்தக்குடம் எடுப்பார். வேறு பிள்ளைகள் இல்லை. தர்ஷன் முடியைத் தானே வெட்டிக்கொண்டதையும், பையன்களோடு, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் கிரிக்கெட் விளையாடுவதையும் லயம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. வயதுக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தை நான் என் வேலையில் கேட்ட அளவுக்கு வேறு எதையும் கேட்டதில்லை. எதைச் சரிசெய்வதற்கும் அதையே சொல்வார்கள்.

ஒரு நாள், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளை நிறுத்துக்கொண்டிருந்தேன். அங்கே பிள்ளை பார்க்கும் பெண் வந்து, "மிஸ், தர்மலிங்கம் அண்ணன் வீட்டுல அம்மா போட்டிருக்காம். வாசல்ல வேப்பிலை கட்டியிருக்கு" என்றாள். எனக்கு அங்கேயே ஏதோ உறுத்தியது. எங்கள் குளிருக்கு வேம்பு வளராது. ஹட்டன் பஜாருக்குப் போய் வாங்கித்தான் வர வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு வார்த்தை டிஸ்பென்சரியில் சொல்ல இறங்கி வராத மனிதர், பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய் வேப்பிலைக் கட்டோடு வந்திருக்கிறார். அம்மை கண்ட வீட்டில் முதலில் நடப்பது இது இல்லை.

யோசித்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை. அவர்கள் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் கௌரி என்று ஒரு பெண், தலைப்பிள்ளை, நிறைமாதம். கர்ப்பிணிக்கு அம்மை தொற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் ஏறிப் போனபோது கௌரியின் புருஷன் பையில் துணி அடைத்துக்கொண்டிருந்தான். ராகலையில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போகப் போகிறானாம். மஸ்கெலியாவிலிருந்து ராகலைக்கு, அந்த வளைவுகளில், பஸ் மாறி மாறி, அந்த வயிற்றோடு. "நான் பார்த்துட்டு வர்ற வரைக்கும் இந்த வாசலத் தாண்டக் கூடாது" என்று அவனை அதட்டிவிட்டு, வேப்பிலையை விலக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் போனேன்.

லயத்தில் பிறக்காதவர்கள் உங்களில் இருப்பீர்கள். ஒட்டிக் கட்டிய காம்பராக்கள், நடுச்சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டிலிருந்து கஷாயம் சொல்வார்கள். அதனால்தான் நான் உட்கார்ந்ததும் தர்மலிங்கம் எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். ஏதோ ஒரு நாடகத்தில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குள்தான் நாங்கள் எல்லாவற்றையும் பேசினோம்.

மூலையில் கம்பளிக்குள் தர்ஷன். கையைப் பார்த்தேன், முதுகைப் பார்த்தேன். ஒரு கொப்புளம் இல்லை, காய்ச்சல் இல்லை. பாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளை வயதுக்கு வந்துவிட்டான்.

"ஏன் மறைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

தர்மலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "புள்ள போன வருசமே எங்கிட்ட சொல்லிருச்சு மிஸ். பாக்டரி கேட்டுல வந்து நின்னு, அப்பா என்னைய மகன்னு கூப்புடுவீங்களான்னு கேட்டுச்சு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. கொஞ்ச நாளு மொகங்குடுத்துப் பேசல. அப்புறம் ஒரு நாளு, யாரும் இல்லாத நேரத்துல, மகனேன்னு கூப்பிட்டுப் பாத்தேன். அன்னைக்குத்தான் மிஸ் அது சிரிச்சு நான் பாத்தேன். அம்புட்டு வருசமும் சிரிக்கலங்கிறதே அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு."

பாக்கியம் என் பக்கம் திரும்பினார். கோபமாகத்தான் கேட்டார். "நீங்கதானே மிஸ் பொம்பளப் புள்ளைன்னு சொல்லி என் கையில குடுத்தீங்க?"

"கண்ணுக்குத் தெரிஞ்சதச் சொன்னேன் பாக்கியம். தெரியாதத நான் எப்பிடிச் சொல்றது?"

அது அவருக்குப் பதிலாகப் படவில்லை. எனக்கும்தான்.

அடுத்தது பிள்ளையிடம். அவன் பேசட்டும் என்று காத்திருந்தேன். கம்பளிக்குள்ளிருந்து முகத்தை மட்டும் வெளியே எடுத்தான்.

"மிஸ், எனக்கு ஏலாது. குடிசை கட்டி உக்கார வப்பாங்க. எல்லாரும் வந்து பாப்பாங்க. தண்ணி ஊத்தி, சேலை கட்டி, டவுன்ல கல்யாண ஹோல் எடுத்து, போட்டோ புடிச்சு சந்தியில பேனர் வப்பாங்க. கொழும்பு மாமா எப்பவோ சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் நான் யாருக்கு என்னான்னு சொல்றது?"

இந்த இடத்தில் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் அவனிடம் நேராகக் கேட்டேன்: "செத்துப் போகலாம்னு நினைச்சியா?" பாக்கியம் "ஐயோ" என்று பதறினார். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். வராது. அது இருந்தால் ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருக்கும். யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். தர்ஷன் ஆமாம் என்று தலையாட்டினான். தர்மலிங்கம் மெதுவாகச் சொன்னார், "தெரியும் மிஸ். அதனாலதான் கதவுக்குக் குறுக்கால படுக்குறேன்."

ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் வரும் நாளுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னேன். அதற்கு இருவரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் வேப்பிலையை இறக்கிவிடுங்கள் என்று நான் சொன்னபோது தர்மலிங்கம் மறுத்தார். வயிற்று வலி என்று சொல்லுங்கள், மஞ்சள் காமாலை என்று சொல்லுங்கள், ஆத்தா பெயரில் பொய் சொன்னது தெரிந்தால் இந்த லயம் உங்களை மன்னிக்காது என்று கெஞ்சினேன்.

"வேற என்னா சொன்னாலும் உள்ள வந்து பாப்பாங்க மிஸ்" என்றார். "இது ஒண்ணுக்குத்தான் வாசலோட நிப்பாங்க."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. லயத்தில் ஒரு வீட்டுக்கு வாசல் உண்டு, கதவு உண்டு, ஆனால் யாரும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லும் உரிமை கிடையாது. அதைச் சொல்ல ஆத்தாவால் மட்டும்தான் முடியும். பிள்ளையை மூடிவைக்க அந்தத் தகப்பனுக்குக் கிடைத்த ஒரே போர்வை அதுதான். நான் வேப்பிலையைத் தொடாமல் வெளியே வந்தேன்.

வெளியே கௌரியின் புருஷன் பையோடு நின்றான். அவளை அந்தப் பயணத்தில் அனுப்பினால் நடுவழியில் பிரசவமாகும், அதுவும் தலைப்பிள்ளை. "எங்கயும் போக வேணாம். இங்கயே இருக்கட்டும். நான் பொறுப்பு" என்று சொன்னேன். அவன் பையை இறக்கினான். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு வினையாகப் போகிறது என்று ஓரளவு அப்போதே தெரிந்தது. இன்று மறுபடி அதே வாசலில் நின்றாலும் அதையேதான் சொல்வேன்.

அடுத்து வந்த நாட்களை நினைத்தால்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அம்மை கண்ட வீடு என்றால் லயம் முழுவதும் அந்த வீட்டுக்காக நோன்பு இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வரிசையில் ஒரு வீட்டிலும் தாளிக்கவில்லை. கருவாடு பொரிக்கவில்லை. மலையிலிருந்து வந்த களைப்போடு ஒருத்தி கூழ் காய்ச்சிக்கொண்டு வந்து படியில் வைத்துவிட்டுப் போனாள். யாரோ டவுனிலிருந்து இளநீர் வாங்கி வந்தார்கள். ஒவ்வொன்றாக வந்து வாசலில் சேரச் சேர பாக்கியத்துக்குத் தலை நிமிர முடியவில்லை. எங்கள் சனம் கெட்ட சனம் இல்லை பிள்ளைகளே. கெட்ட சனமாக இருந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு கஷ்டமாக இருக்காது.

லயத்துப் பெண்கள் முட்டாள்களும் இல்லை. நிறைமாதப் பெண்ணை அம்மை கண்ட வீட்டுக்குப் பக்கத்தில் மிஸ் இருக்கச் சொல்கிறாளே, அது எப்படி? தண்ணீர்ப் பீலியில் துணி துவைக்கும்போது ஒருத்தி இதைக் கேட்டிருக்கிறாள். மற்றொருத்தி அந்த வீட்டுப் பிள்ளையின் வயதை நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு வீட்டைக் காப்பாற்ற நான் சொன்ன வார்த்தை பக்கத்து வீட்டின் கூரையைப் பிரித்துவிட்டது. நம் வேலையில் இரண்டு வீட்டுக்கும் நல்லதான வார்த்தை எப்போதும் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள்.

பேச்சு பாக்கியத்தின் காதுக்கு வந்தது. ஊர் வாயிலிருந்து விஷயம் தன் தம்பிக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பயந்து, புருஷனுக்குத் தெரியாமல் அவரே கொழும்புக்குப் போன் போட்டுவிட்டார். தம்பி சந்திரன் கொழும்பில் சின்னக் கடை வைத்திருப்பவர். பிள்ளை இல்லாதவர். தாய்மாமன் சீர் செய்ய வேண்டும் என்று பல வருடமாகக் காத்திருந்த மனிதர். அக்கா அவரிடம் வயதுக்கு வந்த செய்தியை மட்டும்தான் சொன்னார். மற்றதைச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

சந்திரன் வேனில் வந்து இறங்கினார். பெண்சாதி கையில் பட்டுச்சேலைப் பொட்டலம், வளையல், பூ, தட்டு எல்லாம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் லயத்தில் எல்லோரும் இருந்தார்கள். சிரித்த முகத்தோடு ஏறி வந்த மனிதர் வாசலில் வேப்பிலையைப் பார்த்துத் திகைத்தார். யாரோ ஒரு கிழவர் "அம்மா போட்டிருக்குப்பா, உள்ள போகாத" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அக்கா போனில் ஒன்று சொல்ல, வாசல் வேறொன்று சொல்கிறது. அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சந்திரன் ஒரே இழுவையில் வேப்பிலையைப் பிடுங்கித் தரையில் போட்டார்.

கௌரியைப் பார்க்க நான் அப்போதுதான் வந்துகொண்டிருந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் வாசலில் இடமில்லாத அளவுக்குக் கூட்டம். "புள்ள பெரிய மனுசியானத மறைச்சு ஆத்தா பேருல பொய் சொல்லியிருக்கானுங்க" என்று ஒருவர் கத்தினார். கூழ் கொண்டுவந்த பெண் முன்னால் வந்து நின்றாள். "உங்க புள்ளைக்காக என் வீட்டுல சட்டியக்கூடத் தாளிக்காம இருந்தேனே அண்ணே. கும்பிட்டுட்டுப் படுத்தேனே" என்று சொல்லி அழுதாள். கத்தியவரைவிட அவள் அழுததுதான் தர்மலிங்கத்தை வாசற்படியில் உட்கார வைத்தது.

பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கேட்டது கௌரியின் புருஷன்தான். "மிஸ், நீங்கதானே உள்ள போய்ப் பாத்தீங்க. அம்மையா, இல்லையா? எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க."

அம்மைதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் கூட்டம் கலைந்துபோகும். தர்மலிங்கத்தின் கண்ணும் அதைத்தான் கேட்டது. ஆனால் நான் அந்தப் பொய்யைச் சொன்னால், அடுத்த முறை உன் குழந்தைக்கு ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்று சொல்லும்போது எந்தத் தாய் நம்புவாள்? முழு உண்மையைச் சொன்னால் உள்ளே இருக்கும் பிள்ளையை நானே கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டதாகும். அவன் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். வெட்கப்படாமல் சொல்கிறேன், ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"அம்மை இல்ல" என்றேன். "தொத்துற நோய் ஒண்ணும் இந்த வீட்டுல இல்ல. அதுக்கு மேல ஒரு வீட்டுல பாத்ததை நான் இன்னொரு வீட்டுல சொன்னதில்ல. உங்க வீடுகள்ல பாத்ததையும் சொன்னதில்ல. இனியும் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு ஒவ்வொருத்தியின் முகமாகப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் என்னிடம் வந்து எதையாவது சொல்லி அழாத பெண் குறைவு. ஆண்களுக்கு அது தெரியாது. பெண்களுக்குத் தெரியும். முன்வரிசை கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அவர்களைப் பயமுறுத்தியிருக்கிறேன் என்று அப்போதே எனக்குக் கசப்பாகத்தான் இருந்தது. வேறு வழி தெரியவில்லை.

அப்போது தர்மலிங்கம் எழுந்து கதவுக்கு முன்னால் நின்றார்.

"ஆத்தா மேல பொய் சொன்னது நான். தண்டனையையும் எனக்கே குடுங்க. புள்ள மேல ஒண்ணும் இல்ல." பிறகு மைத்துனரைப் பார்த்தார். "மச்சான், கோவிச்சுக்காதீங்க. எனக்கு மக இல்ல. உள்ள இருக்கிறது என் மகன். அந்தச் சேலைய இந்த வாசலுக்கு உள்ள கொண்டு போக நான் விட மாட்டேன்."

ஒருவன் சிரித்தான். சில பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள். சந்திரன் கத்தவில்லை. வாசலுக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்டில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அக்கா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து சந்திரன் தட்டையும் பூவையும் எடுத்துக்கொண்டு வேனுக்கு இறங்கிப் போனார். இனி எனக்கு அக்கா இல்லை என்று போகும்போது சொன்னார். அதைச் சொன்னபடி வைத்துக்கொண்டும் இருக்கிறார்.

சடங்கு நடக்கவில்லை. பிள்ளை அதிலிருந்து தப்பினான். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மனிதர், சிங்களத்தில் மெதுவாகப் பேசினார், நான் தமிழில் சொன்னேன். பிள்ளைக்கு நோய் எதுவும் இல்லை, அவன் சொல்வதை வீட்டில் கேளுங்கள், தனியாக விடாதீர்கள், வயது வரும்போது மற்ற வழிகளைப் பார்க்கலாம் என்றார். "நோய் இல்லையா?" என்று தர்மலிங்கம் இரண்டு முறை கேட்டார். நோய் என்றால் மருந்து இருக்கும், ஊருக்குச் சொல்ல ஒரு பெயராவது இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. திரும்பி வரும்போது பஸ்ஸில் மகனுக்குக் கடலை வாங்கிக் கொடுத்தார்.

லயம் அவர்களை அடிக்கவில்லை, விரட்டவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டது. பீலியில் பாக்கியம் குடத்தோடு வந்தால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். மலையில் அவருக்குப் பக்கத்துத் தேயிலை நிரையில் யாரும் நிற்பதில்லை. தர்ஷன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினான். நான் போய் அதிபரிடம் பேசினேன். பலிக்கவில்லை. வீட்டுக்குள்ளும் நிலைமை நன்றாக இல்லை. மகன் என்ற சொல் பாக்கியத்தின் வாயில் வரவேயில்லை. தம்பியை இழந்தது அவனால்தான் என்று எண்ணிச் சோற்றைத் தட்டில் போட்டு அவன் பக்கம் தள்ளிவிடுவார். தர்மலிங்கம்தான் நடுவில் இருந்து இருவரோடும் பேசிக்கொண்டிருந்தார்.

அப்படியே திருவிழா வந்தது. எங்கள் பக்கம் தேர் ஒவ்வொரு லயமாக வந்து ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். தட்டு வாங்கி, தீபம் காட்டி, திருநீறு கொடுத்துவிட்டு நகரும். அந்த வருடம் தர்மலிங்கத்தின் வாசலில் தேர் நிற்காது என்று கோயில் பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஆத்தாவை ஏமாற்றிய வாசலாம். நான் போய்க் கேட்டேன். "இது ஆஸ்பத்திரி விசயம் இல்ல மிஸ்" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள்.

சொன்ன பிறகும் தர்மலிங்கமும் பாக்கியமும் வாசலைக் கூட்டி, சாணம் தெளித்து, கோலம் போட்டு, தட்டோடு நின்றார்கள். தர்ஷன் அன்றுதான் முதல் முறையாக வேட்டி கட்டியிருந்தான், அப்பாவின் வேட்டி, பாதிக்கு மடித்து. கௌரி வீட்டு வாசலில் தேர் நின்றது. அவள் கைக்குழந்தையோடு கும்பிட்டாள். பிறகு தேர் நகர்ந்தது. இழுப்பவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கொஞ்சம் வேகமாக இழுத்தார்கள். தப்பு மேளத்தின் சத்தம் கூடியது. தட்டை ஏந்தி நின்ற தர்மலிங்கத்துக்கு முன்னால் தேர் நிற்காமல் போனது.

அப்போதுதான் பாக்கியம் கத்தினார். கோயிலையே கதி என்று இருந்த மனுஷி, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு தேரின் பின்னால் பாதையில் இறங்கி நின்று கத்தினார். "ஆத்தா! எம் மகன் நிக்கிறான் பாரு! எம் மகன் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறான்! பொய் சொன்னது நாங்க, அவன் என்னா செஞ்சான்? பாக்காமப் போறியே!"

தப்படித்தவர்களில் ஒருவருடைய கை நின்றது. தேர் நிற்கவில்லை. தேர் போன பிறகு கௌரி தன் தட்டிலிருந்த திருநீற்றைக் கொண்டுவந்து நீட்டினாள். உள்ளேயிருந்து அவள் புருஷன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. பாக்கியம் அதை எடுத்து மகன் நெற்றியில் பூசினார். பூசும்போது அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் விடியும்போது தர்மலிங்கம் என் குவாட்டர்ஸ் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"மிஸ், நான் செஞ்சது சரியா? அவளுக்கு அவ தம்பி போயிட்டான். ஆத்தா போயிட்டா. லயமே போயிருச்சு. ஒரு நாளு உக்கார வச்சு அனுப்பியிருந்தா எல்லாம் இருந்திருக்குமோன்னு யோசிக்கிறேன்."

பிள்ளைகளே, இந்த மாதிரிக் கேள்வியோடு உங்கள் வாசலுக்கும் ஒருநாள் ஒரு தகப்பனோ தாயோ வந்து நிற்பார்கள். சரிதான் என்று ஆறுதல் சொல்லி அனுப்புவது சுலபம். அந்த வீடு இழந்ததைப் பார்த்தவளுக்கு அது வாயில் வராது. எனக்கு இந்த வேலையில் உறுதியாகத் தெரிந்ததே இரண்டு விஷயம்தான். அதைத்தான் கேட்டேன்.

"ராத்திரி புள்ள சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான் மிஸ். அவ ஊட்டிவிட்டா."

"தூங்கினானா?"

"தூங்கினான்." கொஞ்சம் யோசித்தார். "நானும் நேத்துத்தான் கதவுக்குக் குறுக்கால படுக்காமத் தூங்கினேன்."

பெரட்டுக்கு மணி அடித்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.